பின் அறைக் கதவைத் திரும்ப மாட்டுங்கள்

காப்பகத்தின் அறங்காவலர்களுக்கும் வாலண்டியர் குழுவில் இருக்கும் எல்லோருக்கும்,

போன ஞாயிறு ராத்திரி குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பை மூன்று தடவை படித்தேன். இனிமேல் நம் காப்பகத்தில், பூனைக்குப் பூனை தொற்றுகிற லுகேமியா வைரஸ் டெஸ்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பூனைகளைப் பிரிக்கப் போவதில்லை, எல்லாக் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ், நம்மிடம் தீண்டாமை கிடையாது. அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள், கைகூப்புகள். "லுகேமியா பூனைகளும் பொது ஹாலில்தானா?" என்று நான் ஒரு வரி கேட்டதற்கு "நெகட்டிவா பேசாதீங்க அண்ணா" என்று பதில் வந்தது. நெகட்டிவ் பூனைகளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன், அது வேறு விஷயம். கொஞ்ச நேரத்தில் என் கேள்வியையே காணோம். அதனால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். காப்பகத்தின் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். படிக்க வேண்டியவர்களுக்கு எந்த இடம் என்று தெரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாசிட்டிவ் பூனைகளைத் தனியாக வைத்திருந்த பின் அறையின் வலைக்கதவைக் கழற்றியவன் நான்தான். நவம்பர் மழையில் அந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது, கரண்ட் இல்லை, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஆறு பூனைகளும் அலமாரியின் மேல்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. மரச்சட்டம் ஊறிப்போய் கதவு நகரவில்லை. கீல்களின் திருகாணியைக் கழற்றி, கதவை அப்படியே தூக்கிச் சாய்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் தலையணை உறைக்குள் போட்டுப் பொது ஹாலுக்குத் தூக்கி வந்தேன். கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு அது சரியான முடிவு. அறங்காவலர் அக்கா, நீங்கள் அன்று சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தண்ணி வடியற வரைக்கும்தான், ஒரு வாரம்." அந்த ஒரு வாரம் நாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

இவன் ஏன் இப்படிப் பதறுகிறான் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைக்கலாம். அவர்களுக்குக் கடுகைத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே காப்பகத்திலிருந்து நான் தத்தெடுத்த குட்டி. உள்ளங்கை அகலம், கன்னங்கரேல், அதனால் கடுகு. "டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சுங்க, நெகட்டிவ்" என்றார்கள். எடுத்தது நிஜம்தான், ஆனால் கடுகுக்கு எடுக்கவில்லை. நாலு குட்டிகளில் ஒன்றுக்கு எடுத்துவிட்டு, ஒரே ஈத்துதானே என்று மற்ற மூன்றின் காகிதத்திலும் அதே ரிசல்டை எழுதியிருந்தார்கள். ஒரே ஈத்தில் ஒரு குட்டிக்குத் தொற்று இருந்து பக்கத்துக் குட்டிக்கு இல்லாமல் போகலாம். தாயிடமிருந்து வாங்கிய குட்டிக்கே முதல் டெஸ்டில் ஒன்றும் தெரியாமல் வாரங்களோ மாதங்களோ கழித்துத் தெரியலாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யார்மேலும் கோபமும் இல்லை, அன்றைக்கு உங்களுக்கும் தெரிந்திருக்காது.

பதினாலு மாதம் நன்றாகத்தான் இருந்தான். ஒருநாள் ஃபிரிட்ஜ் மேல் ஏறுகிறவன் பாதி வழியில் டைனிங் டேபிளிலேயே உட்கார்ந்துவிட்டான். வெயில் என்று நினைத்தேன். மறுநாள் தரையிலிருந்து சோபாவுக்கு ஏறவே யோசித்தான். டாக்டர் அவன் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இருந்தது. ரத்தத்தில் சிவப்பணு அளவு நூற்றுக்கு 30-க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 9. கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரி ஒரு சின்ன அட்டை, அதில் சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றார். இரண்டாவது கோடு ஒரு நிமிடத்துக்குள்ளேயே எழுந்துவிட்டது. மீதி ஒன்பது நிமிடமும் அவர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார், நானும்தான்.

ரத்தம் ஏற்றினோம். அதற்கு இன்னொரு பூனை வேண்டும். என் வீட்டு முத்தம்மாவிடம் எடுக்க முடியாது, அவள் ஒரு வருடத்துக்கு மேலாக அவனோடு ஒரே தட்டில் தின்றவள், அவளுக்கே என்ன இருக்கிறதோ தெரியாது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் கடுவன் பூனையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் வந்தார்கள். அந்த ரத்தம் கடுகுக்குப் பதினோரு நாள் கொடுத்தது. அவன் எலும்பு மஜ்ஜை புது ரத்தம் செய்வதை நிறுத்திவிட்டது, ஏற்றியது தீர்ந்ததும் ஆளும் தீர்ந்துவிட்டான். லுகேமியா என்று பெயர் இருப்பதால் இதை வெறும் ரத்தப் புற்றுநோய் என்று நினைக்கிறவர்கள் அதிகம். புற்றுநோயும் வரும்தான், நெஞ்சுக்குள் கட்டி வந்து மூச்சு முட்டும், குடலில் வரும். ஆனால் இப்படி ரத்தம் வற்றிச் சாவதும், எதிர்ப்புச் சக்தி போய் சாதாரண வாய்ப்புண்ணுக்கும் சளிக்கும் சாவதும் அதே வைரஸின் வேலைதான்.

முத்தம்மாவுக்கு முதல் டெஸ்ட் நெகட்டிவ். ஆனால் கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் நம்ப முடியும் என்றார் டாக்டர். நான் பயந்துபோய் இரண்டு மாதம் கழித்து எடுத்தேன். அந்த இரண்டு மாதமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை அவள் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான். ஒன்பது வயசுக் கிழவி, தப்பித்துவிட்டாள். வளர்ந்த பூனைகளுக்கு இந்த வைரஸை எதிர்த்து நிற்கிற சக்தி கூடுதல், குட்டிகளுக்கு மிகக் குறைவு. கூடுதல் என்றால் வரவே வராது என்று அர்த்தம் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடுகு போன பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை அக்கா, அதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பகத்தில் அப்போது இருந்த 47 பூனைகளுக்கும் தனித்தனியாக டெஸ்ட் எடுக்க வைத்தவர் நீங்கள். ஒரு அட்டை 900 ரூபாய் என்று மொத்தமாகப் பேசி, 42,000 ரூபாய்க்கு மேல் திரட்டினோம். 7 பாசிட்டிவ். இரண்டாம் தடவை எடுத்ததில் ஒன்று நெகட்டிவ் ஆனது, மீதி 6. பின் அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலோரம் பலகை வைத்து, வலைக்கதவு போட்டோம். அந்த ஆறும் அங்கே வாடி வதங்கிப் போகவில்லை. மதியம் ஒரு மணிக்கு ஜன்னல் வெயில் அலமாரியின் இரண்டாவது தட்டுக்கு வரும், ராஜா மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அங்கே மல்லாந்து படுத்திருப்பான். அடுத்த வருடம் எல்லாப் பூனைகளுக்கும் மறுபடி எடுத்தோம். ஒரு புதுப் பாசிட்டிவ்கூட இல்லை. நம் கையாலேயே செய்து, நம் கண்ணாலேயே பார்த்த விஷயம் இது. இன்டர்நெட்டில் யாரோ சொன்னதில்லை.

இப்போது ஹாலில் நடப்பதைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய தாம்பாளத்தில் சாளை மீன் சோறு. சுற்றி ஒன்பது, பத்து தலைகள். ராஜா வயிறு நிறையத் தின்றுவிட்டு, பக்கத்தில் இருக்கிற குட்டியை முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக் காது, கண், மூக்கு, வாய் ஓரம் என்று ஒரு இடம் விடாமல் நக்கி எடுப்பான். அவன் அப்படித்தான், எந்தக் குட்டியைக் கண்டாலும் தாய் மாதிரி ஆகிவிடுவான். அந்த வீடியோவைத்தான் அறிவிப்போடு போட்டிருந்தீர்கள், "அன்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் தேவையில்லை" என்று. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இந்த வைரஸ் முக்கியமாகப் போகிற வழியே எச்சில்தான். ரத்தத்தில் வைரஸ் ஓடுகிற ஒரு பூனையின் எச்சிலில், ஒரு மில்லி லிட்டரில் பத்து லட்சம் வைரஸ் வரை இருக்கும். கடித்தால்தான் பரவும் என்பதில்லை, நக்கினால் போதும், ஒரே கிண்ணத்தில் நாள் தவறாமல் தின்றால் போதும். மூக்குச் சளியிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது, மூத்திரத்திலும் மலத்திலும்கூட. அதாவது எது பூனைகளுக்குள் அன்போ அதுதான் இந்த நோய்க்கு வண்டி. சண்டைக்காரப் பூனையின் கடி மட்டும் ஆபத்து இல்லை, ராஜாவின் இந்த அன்பும் ஆபத்துதான்.

தீண்டாமை என்ற சொல்லுக்கு வருகிறேன். மனிதனை மனிதன் பிறப்பைக் காட்டி ஒதுக்கிய அக்கிரமத்துக்குப் பெயர் அது. தொற்றும் என்று ஒரு பொய்யைச் சொல்லி ஒதுக்கினார்கள். இங்கே தொற்று நிஜமாகவே இருக்கிறது. ஒரு வலைக்கதவுக்கு அந்தப் பெயரை வைத்தால், பட்டவர்களின் வலியும் இளப்பமாகிறது, பூனைக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், போன மாதம் நேரில் கேட்டபோது நீங்களும் மற்ற அறங்காவலர்களும் சொன்ன பதில்கள். "எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டாச்சே" என்றார் ஒருவர். போட்டது டிரைகேட். அது மூன்று நோய்க்கானது, ஒன்று பான்லுகோபீனியா, மற்ற இரண்டும் சளிக்காய்ச்சல் வகை. லுகேமியா அதில் இல்லை. பான்லுகோபீனியா, லுகேமியா இரண்டும் காதில் ஒன்று போல விழுவதால் வருகிற குழப்பம் இது, நானும் ஒரு காலத்தில் குழம்பியவன்தான். முதலாவது பூனைகளின் பார்வோ, வாந்தி பேதியில் சில நாளில் குட்டிகளை அள்ளிக்கொண்டு போவது. இரண்டாவது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருப்பது. லுகேமியாவுக்கென்று தனித் தடுப்பூசி அமெரிக்காவில் 1985-லேயே வந்துவிட்டது. நம் ஊரில் நான் நாலு கிளினிக்கில் கேட்டேன், நாலிலும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது முழுப் பாதுகாப்பு கிடையாது, போட்ட பூனையையும் பாசிட்டிவ் பூனையோடு சேர்த்து வைக்காதே என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொருவர் ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டினார், பாசிட்டிவ் பூனையும் மற்ற பூனைகளும் ஒரே கட்டிலில் தூங்குகின்றன, ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லையாம். ஒலியைக் கூட்டிக் கேளுங்கள், அவர் பேசுவது எஃப்ஐவி பற்றி. அது வேறு வைரஸ், பெரும்பாலும் ஆழமான கடியில்தான் பரவும், சண்டை போடாத பூனைகள் சேர்ந்து வாழலாம் என்று பல டாக்டர்களே சொல்கிறார்கள். ஒரே அட்டையில் இரண்டு டெஸ்டும் சேர்ந்து வருவதால் இரண்டும் ஒன்றென்று ஆகிவிடாது. நம் ஆறு பூனைகளின் அட்டைகளிலும் கோடு விழுந்தது எஃப்இஎல்வி, அதாவது லுகேமியா வைரஸ் பக்கம். போட்டோக்கள் என்னிடம் இருக்கின்றன.

"வெளியில வந்தா அந்த வைரஸ் செத்துடும்னு டாக்டரே சொன்னார்" என்றும் கேட்டேன். சொன்னது சரிதான். காய்ந்த தரையில் சில மணி நேரம்கூடத் தாங்காது, சோப்புத் தண்ணீருக்கே போய்விடும், காற்றில் பரவாது, நமக்கும் வராது, நாய்க்கும் வராது. இதெல்லாம் தனி அறை எவ்வளவு சுலபம் என்பதற்கான சாட்சி. ஒரு கதவும், தனித் தட்டும், கை கழுவ ஒரு சோப்பும் போதும் என்கிற அளவுக்கு லேசான வைரஸ். அதையே சேர்த்து வைப்பதற்குக் காரணமாகச் சொன்னால் எப்படி? எச்சில் காய்வதற்குள்தானே ராஜா அடுத்த குட்டியை நக்குகிறான்.

முதல் தடவை பாசிட்டிவாக இருந்து பிறகு நெகட்டிவ் ஆன கருப்பியைக் காட்டி, "தானா சரியாயிடும்" என்கிறார்கள். சில பூனைகளில் உடம்பு வைரஸை அடக்கிவிடும். ஆனால் பல பூனைகளில் அது ஒரேயடியாகப் போவதில்லை, எலும்பு மஜ்ஜையில் ஒளிந்து உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்திலும் எச்சிலிலும் தெரியாது, பரப்பவும் பரப்பாது. உடம்பு ரொம்ப நொந்தால் எப்போதாவது திரும்பி வரலாம். அப்படி அடக்க முடியாத பூனைகளில்தான் நோய் முற்றுகிறது. அவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் போய்விடுகின்றன. எந்தக் குட்டி எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அந்தச் சீட்டாட்டத்தில் அவை பேரில் பணம் கட்டுகிறவர்கள் நாம்.

நீங்கள் சொன்னதிலேயே கொஞ்சம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. "நாலு மாசமா ஒண்ணாத்தான் இருக்கு, வர்றது எல்லாம் இந்நேரம் வந்திருக்கும், இனிமே பிரிச்சு என்ன?" எனக்கும் இரண்டு ராத்திரி இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த வைரஸையே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்க் கட்டி வந்தது. கட்டி ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று வில்லியம் ஜாரெட் என்கிற கால்நடை மருத்துவரும் கூட இருந்தவர்களும் சந்தேகப்பட்டுத் தேடி, 1964-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். சேர்ந்து வாழ்ந்ததுதான் துப்பே. அப்புறம் 1970-களில் அமெரிக்காவில் வில்லியம் ஹார்டி, பல பூனைகள் இருக்கிற வீடுகளில் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவை அப்புறப்படுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீதியை மறுபடி பார்த்தார். அந்த வீடுகளிலும் பூனைகள் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருந்தன, நம் ஹால் மாதிரியே. பிரித்த பிறகு மீதி இருந்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாம் தப்பித்தன. பிரிக்காத வீடுகளில் புதுசு புதுசாக வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் அப்புறப்படுத்துவது என்றால் பெரும்பாலும் ஊசி போட்டுக் கொல்வது. அதை நான் கேட்கவே இல்லை, யாராவது கேட்டால் முதலில் எதிர்ப்பவன் நான்தான். அறையை மாற்றினாலே போதும். ஸ்பெயினில் டோன்யானா காட்டில் 2007 வாக்கில், அழிவின் விளிம்பில் இருந்த ஐபீரிய லின்க்ஸ் என்கிற காட்டுப்பூனைகளுக்கு வீட்டுப் பூனைகளிடமிருந்து இது தொற்றியபோது, காட்டில் திரிகிற அவற்றையே தேடிப் பிடித்து, டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவைத் தனியாக்கி, மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டு அடக்கினார்கள். நமக்கு ஒரு கதவை மாட்டுவது கஷ்டமாக இருக்கிறது.

ஆக, நாலு மாதத்தில் வந்தது வந்ததுதான். வராதவை எத்தனை என்று யாருக்குத் தெரியும்? என் முத்தம்மா ஒரு வருடத்துக்கு மேல் சேர்ந்து இருந்தும் தப்பித்தாள், மற்ற 40 சொச்சத்தில் அப்படி எத்தனை முத்தம்மாக்களோ. இன்று தாங்கிய பூனை இன்னும் ஆறு மாதம் தினமும் எச்சில் பட்டால் தாங்கும் என்றும் சொல்ல முடியாது. அதோடு நம் வாசலில் வாரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியாவது இறங்குகிறது, உள்ளே கண் திறந்தும் திறக்காத குட்டிகள். அவற்றுக்கு இது முதல் நாள்.

குட்டிகளைப் பற்றி எழுதத்தான் தயக்கம். ஜனவரியில் மூன்று வண்ணக் குட்டி ஒன்று ஜுரத்தில் படுத்தது, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், பத்து நாளில் போய்விட்டது. பிப்ரவரியில் அதன் தம்பி, அதே ஜுரம். நான் போய்ப் பார்த்த அன்று அவன் ஈறு எனக்குத் தெரிந்த நிறத்தில் இருந்தது. டெஸ்ட் எடுக்கலாம் என்றேன், அட்டை தீர்ந்துவிட்டது என்றார்கள், நானே வாங்கி வருகிறேன் என்றேன், ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்கள்கிழமை அவன் இல்லை. லுகேமியாதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, குட்டிகள் சாக ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் டெஸ்ட் எடுக்காமல் அது இல்லவே இல்லை என்று நீங்களும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைப்பது பூனையாம், பழமொழி அப்படி. நம் பூனைகள் எதற்கும் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

இந்த நாலு மாதத்தில் 11 பூனைகள் தத்துப் போயிருக்கின்றன, குழுவில் வந்த போட்டோக்களை எண்ணித்தான் சொல்கிறேன். பதினோரு வீடுகள். சில வீடுகளில் ஏற்கெனவே பூனை இருக்கிறது. அந்தப் பதினோரு பேருக்கும், இந்தக் குட்டி பாசிட்டிவ் பூனைகளோடு ஒரே தாம்பாளத்தில் தின்றது என்று யாராவது சொன்னார்களா? எனக்கு இதுதான் தாங்கவில்லை. பாசிட்டிவ் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்கிற மனிதர்கள் இருக்கிறார்கள், நம் காப்பகத்திலிருந்தே ஒருவர் போன வருடம் கேட்டார். அது அவர் தெரிந்து எடுக்கிற முடிவு. தெரியாமல் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் பத்து வருடமாக இருக்கிற பூனையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பதினாலாவது மாதம் டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டும்போது தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இடம் இல்லை, ஆள் இல்லை, பணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பின் அறையைப் பெருக்க ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், அந்த ஆள் டிசம்பரில் நின்றுவிட்டார், அங்கேதான் இந்த முடிவே ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அப்படியே சொல்லியிருக்கலாம், ஆள் தேடியிருப்போம். ஆள் பற்றாக்குறைக்குக் கருணை என்று பெயர் வைத்ததால்தான் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

நான் கேட்பது இவைதான்.

இந்த வாரத்துக்குள் ஆறு பூனைகளையும் பின் அறைக்கு மாற்றுங்கள். தனித்தனிக் கூண்டு வேண்டாம், ஆறும் சேர்ந்தே இருக்கட்டும், பழைய பலகையும் ஜன்னலும் அவற்றுக்கு வேண்டும். தாம்பாளம், தண்ணீர்க் கிண்ணம், மண் தட்டு எல்லாம் அந்த அறைக்குத் தனி. காலையில் முதலில் ஹால், கடைசியில் பின் அறை, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஹாலில் இருக்கிற எல்லாவற்றுக்கும் இப்போது ஒருமுறையும், பிரித்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இன்னொரு முறையும் டெஸ்ட் எடுங்கள். ஒன்றுக்கு எடுத்து நாலுக்கு எழுதக் கூடாது. செலவு குறையும் என்று இரண்டு மூன்று பூனைகளின் ரத்தத்தைக் கலந்து ஒரே அட்டையில் விடவும் கூடாது, அதில் ரிசல்ட் ஏமாற்றும். பாசிட்டிவ் வந்தால் மறுபடி எடுத்து உறுதிப்படுத்தாமல் எந்தப் பூனையையும் பின் அறைக்குத் தள்ளாதீர்கள், பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஊசி போட்டு அனுப்பவும் கூடாது. முதல் சுற்றில் 15 அட்டைக்கு நான் பணம் தருகிறேன். மீதிக்குத் தெருத் தெருவாகக் கேட்கவும் தயார், போன தடவை கேட்டேனே.

இரண்டாவது டெஸ்ட் முடிகிற வரை தத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். புதிதாக வருகிற பெட்டிகளை ஹாலுக்குள் விடாமல் முன் வராந்தாவில் தனியாக வையுங்கள்.

அந்தப் பதினோரு வீடுகளுக்கும் போன் செய்யுங்கள். மெசேஜ் போதாது, போன். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா, உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நம்பர்களைக் கொடுங்கள், நான் பேசுகிறேன், கதவைக் கழற்றியவன் நான்தான் என்று சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

இனி தத்துப் போகிற ஒவ்வொரு பூனையோடும் அதன் சொந்த ரிசல்ட், எடுத்த தேதி, அட்டையின் போட்டோ மூன்றும் காகிதத்தில் போக வேண்டும். நம் பொறுப்பில் இருக்கிற விலங்குக்குத் தேவையில்லாத துன்பம் வராமல் பார்த்துக்கொள்வது கடமை என்று 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. மிரட்டுவதற்காக எழுதவில்லை, ஆனால் தெரிந்தே செய்கிற ஒரு விஷயத்தில் இது ஞாபகம் இருக்கட்டும்.

குழுவில் நீக்கிய என் கேள்வியைத் திரும்பப் போட்டு, அதற்குக் கீழேயே உங்கள் பதிலை எழுதுங்கள். சனிக்கிழமை வரை பார்ப்பேன்.

கதவு மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, போன வாரம் பார்த்தேன். மரச்சட்டம் காய்ந்து சரியாகிவிட்டது, மேல் கீல்தான் துருப்பிடித்துப் போயிருக்கிறது. புதுக் கீல் இரண்டு, ஒன்றரை அங்குல திருகாணி ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன், சாவி மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.